ஒன்பது மாதத்தில் புனேவுக்கு மாற்றல்: கடல்நீர்த் தொட்டியை இப்போதே தொடங்கலாமா?

வளவுக்காரன் (காரைக்குடி) எழுதியது:

வணக்கம். நன்னீர் மீன் வளர்ப்பில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. கடல்நீர்த் தொட்டி மட்டும் இதுவரை கைகூடவில்லை. வங்கிப் பணியில் இருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்து, வரும் வைகாசியில் புனேவுக்குப் போக வேண்டியிருக்கும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். இப்போது ஆவணி, ஆக, கையில் ஒன்பது மாதம் இருக்கிறது.

குடியிருப்பது பழைய காலத்துச் செட்டிநாட்டு வீடு ஒன்றின் இரண்டாம் கட்டில், அதாவது முன்பகுதியைத் தாண்டிய உட்பகுதியில். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வீட்டுக்காரர் தொட்டி வைக்க ஒப்புக்கொண்டாலும், தரையில் ஒரு கறைகூடப் படியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமாக ஒரு தொட்டி, அதில் ஒரு சோடி கோமாளி மீன்கள், இன்னும் நாலைந்து சிறு மீன்கள், பிற்பாடு சில பவளங்கள் என்பது என் எண்ணம்.

ஒன்பது மாதத்துக்காக இதைத் தொடங்குவது அறிவுடைமையா, அல்லது புனே போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குவதா என்பதே என் முதல் ஐயம். தொடங்கினால், பாறை, மணல், நீர், மீன் ஆகியவற்றில் எதையெல்லாம் கொண்டுபோக முடியும்? தொண்டி இங்கிருந்து தொலைவில்லை என்பதால், கடல்நீரை அங்கிருந்தே எடுத்துவந்து பயன்படுத்தலாமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தேவகோட்டையான் எழுதியது:

ஐயா, பொறுத்திருங்கள் என்பதே என் கருத்து. கடல்நீர்த் தொட்டியில் முதல் மீனை விடுவதற்கு முன் சைக்கிளிங் (கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும் காலம்) முடிவதற்கே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பிறகு பழுப்புப் பாசி வந்து போகும். அடுத்துப் பச்சைப் பாசி வந்து போகும். தொட்டி ஒரு நிலைக்கு வருவதற்குள் தை பிறந்துவிடும். மாசி, பங்குனியில் நீங்கள் அதைப் பார்த்து மகிழத் தொடங்கும்போது வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகள் வந்து அடுக்கப்பட்டிருக்கும். வீடு மாறும் நேரமும் அக்னி நட்சத்திரத்தை ஒட்டியே வருகிறது.

நீங்கள் சொல்லும் அளவுள்ள தொட்டியில் விளிம்புவரை ஏறத்தாழ 180 லிட்டர் நீர் கொள்ளும். நீர், கண்ணாடி, பாறை, தாங்குமேசை எல்லாம் சேர்ந்தால் எடை கால் டன்னைத் தாண்டும். இவ்வளவையும் கழற்றி, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் மறுபடி பூட்டுவதற்குப் பதில், அதே பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து புனேயில் ஒரே முறையாகச் செலவழிப்பது நல்லது. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் உலை வைப்பானேன்?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தேவகோட்டைத் தம்பி போட்ட கணக்கில் பிழையில்லை. அவர் சொல்லும் முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. என் கணவர் பணி ஓய்வு பெற்றபோது கோயம்புத்தூரிலிருந்து பள்ளத்தூருக்குக் கடல்நீர்த் தொட்டியோடு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தொட்டியில் விலைமதிப்புள்ளது எது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சைக்கிளிங் என்று நாம் சொல்வது இந்த இரு கூட்டமும் குடியேறிப் பெருகும் காலத்தைத்தான். இவை பாறையின் துளைகளிலும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கென்றே போடும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழ்கின்றன. நீரில் மிதப்பவை மிகக் குறைவு. ஆகவே நீரை முழுக்க ஊற்றிவிட்டாலும், பாறையும் வளையங்களும் ஈரம் காயாமல் போய்ச் சேர்ந்தால் உங்கள் தொட்டி போய்ச் சேர்ந்துவிட்டது என்றே பொருள். கண்ணாடிப் பெட்டியைப் புனேயில் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

இதை மனத்தில் வைத்துத் தொடங்கினால், ஒன்பது மாதம் என்பது வீணாகும் காலம் அல்ல. மூன்றடியை விட்டுவிட்டு இரண்டடித் தொட்டி வையுங்கள். பாறை போக நூறு லிட்டர் நீர்தான் இருக்கும். மணல் போடாதீர்கள், அடித்தளம் வெறும் கண்ணாடியாகவே இருக்கட்டும். மணலுக்குள் மாதக்கணக்கில் சேரும் கழிவு, கிளறும் நாளில் ஒரே மூச்சில் நீரில் கலக்கும். ஆழமான மணலாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வெளிவரும். இடம் மாற்றியபின் மீன் இறந்தது என்று கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு, பழைய மணலை அப்படியே புதுத் தொட்டியில் கொட்டியதே காரணம். பாறையும் பத்துப் பதினைந்து துண்டுகளாக வேண்டாம். கையால் தூக்கக்கூடிய பெரிய துண்டுகள் மூன்றோ நான்கோ போதும். செராமிக் வளையங்களை ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டியின் பின்புறம் நீரோட்டம் படும் இடத்தில் முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள்.

இனி, தரையைப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அன்று. சிமெண்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடிப் பலகையின் மேல் வார்ப்பது. அது நீரை உறிஞ்சும். கை நனைந்து சொட்டிய ஒரு துளி உப்புநீர் இரவு முழுக்கக் கிடந்தால், காலையில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் நிற்கும். துடைத்தால் போய்விடும், ஆனால் உள்ளே இறங்கிய உப்பு ஈரக்காற்று படும்போதெல்லாம் மறுபடி பூக்கும். சிந்திய உடனே நல்ல நீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உப்புக் கறைக்கு வினிகர், எலுமிச்சை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புளிப்பு சிமெண்டை அரித்துக் கல்லின் பளபளப்பையும் நிறத்தையும் கெடுத்துவிடும். தாங்குமேசைக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். குமிழி உடைந்து தெறிக்கும் உப்பு சுண்ணாம்புச் சாந்தில் ஏறினால் சுவர் செதில் செதிலாக உதிரத் தொடங்கும்.

தொண்டிக்கரை எழுதியது:

கடல்நீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் கரை பாக் விரிகுடாவைச் சேர்ந்தது. ஆழம் குறைவு, அடியில் சேறு, காற்று எழுந்தால் கலங்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீரும் ஓடைநீரும் சேர்ந்து உப்பின் அளவு இறங்கிவிடும். படகுத்துறைப் பக்கம் எண்ணெய்ப்படலம் வேறு. எடுத்தே ஆக வேண்டும் என்றால், மழைக்காலம் தவிர்த்த நாளில், படகில் கரையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய் எடுத்து, மூடிய பீப்பாயில் வெளிச்சம் படாமல் சில வாரங்கள் வைத்து, மிதவை உயிர்கள் மடிந்து படிந்தபின் மேல்நீரை மட்டும் வடித்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் உங்கள் நிலையில் இருப்பவர் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். புனேயில் தொண்டி இல்லை. அங்கே போனால் உப்புக் கலவையை வாங்கிக் கரைத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அளவு, கலக்கும் நேரம், சோதனை எல்லாவற்றிலும் கை பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கேயே பெறுவதற்குத்தானே இந்த ஒன்பது மாதம்?

பவளம் பற்றிச் சொன்னீர்கள். அதை அடியோடு விட்டுவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் கல்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. கடற்குதிரைக்கும் அதே நிலைதான். உயிரோடு இருப்பது மட்டுமல்லாமல், செத்துக் கரையொதுங்கிய பவளக்கல்லை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடற்கரை ஊர்களில் யாராவது மலிவாக ஒரு கல்லை நீட்டினால் கையை நீட்டாதீர்கள். அதை வண்டியில் வைத்துக்கொண்டு இரண்டு மாநில எல்லைகளைக் கடப்பது வேறு வகை வம்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்குப் பின்னால் இருக்கும் கதையும் இதுதான். சுண்ணாம்புக்காகப் பவளம் தோண்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பாறை வேண்டுமானால், தொட்டிக்கென்றே செய்து விற்கும் செயற்கைப் பாறையையோ செராமிக் பாறையையோ ரசீதுடன் வாங்குங்கள்.

மின்வேதி ஓய்வாளர் (காரைக்குடி) எழுதியது:

மேலே சொன்னவற்றோடு வேதியியல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

உப்பின் அளவு ஒரு கிலோ நீரில் 35 கிராம். ஒப்படர்த்தியில் (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சொன்னால் 1.025 அல்லது 1.026. கடையில் விற்கும் கலவையில் ஈரமும் இருப்பதால் நூறு லிட்டருக்கு மூன்றரையிலிருந்து நான்கு கிலோ வரை தேவைப்படும். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியதும் வெறும் நீரில் சுழியம் பார்த்து விட்டுவிடாமல், 35 என்று குறித்து விற்கும் திட்டக் கரைசலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நாம் அளக்கப்போவது அந்த இடத்தைத்தான்.

நம் பக்கத்தில் உப்பளம் பல இருப்பதால், அந்த உப்பையே கரைத்தால் என்ன என்ற கேள்வி எழும். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு படிகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரிலேயே நின்றுவிடுகின்றன. எனவே வண்டியில் ஏற்றும் உப்பு, கடலின் ஒரு பகுதி மட்டுமே. அதை எவ்வளவு நீரில் கரைத்தாலும் கடல்நீர் திரும்பக் கிடைக்காது.

நீரைப் பொறுத்தவரை, சம்பை ஊற்று நீரின் சுவையைப் பற்றி நம் ஊருக்குள்ள பெருமை எனக்கும் உண்டு. ஆனால் நாவுக்கு இனிக்கும் நீரிலும் தாது உப்புகள் கரைந்தே இருக்கும், தொட்டிக்கு டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) சுழியத்தை ஒட்டிய நீர்தான் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவியின் நீரை அயனி நீக்கும் ரெசின் குழாய் வழியே ஒரு முறை செலுத்தினால் அது கிடைக்கும். இப்போது வரும் கருவிகள் சிலவற்றில் குடிநீரில் செம்பு சேர்க்கும் குழாய் ஒன்று இருக்கும். அது இருந்தால் கழற்றிவிட்டே நீர் பிடியுங்கள்.

செம்பு என்றதும் இன்னொன்று. செட்டிநாட்டு வீடுகளில் செம்பு அண்டாவுக்கும் பித்தளைக் குடத்துக்கும் பஞ்சமில்லை. பெரிய பாத்திரமாக இருக்கிறதே என்று உப்புநீர் கலக்க அதை இறக்கிவிடாதீர்கள். உப்புநீர் செம்பை அரித்துக் கரைக்கும். லிட்டருக்கு மில்லிகிராமில் சிறு பின்ன அளவு கரைந்தாலே இறாலும் நத்தையும் பிழைக்காது. உணவுத்தரப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புனேவுக்கும் அதுதான் உங்களுடன் வரப்போகிறது.

வளவுக்காரன் எழுதியது:

ஐயா, ஆச்சி, தொண்டிக்கரை அண்ணன், அனைவருக்கும் நன்றி. பவளத்தையும் மணலையும் விட்டுவிட்டேன். காரில் இரண்டு நாள் பயணம், இடையில் ஓர் இரவுத் தங்கல் என்று வைத்துக்கொண்டால் மீன்களை எப்படிக் கொண்டுபோவது? பையில் அடைத்து ஆக்சிஜன் ஏற்றுவதா, அல்லது மூடிய வாளியில் பேட்டரி காற்றுப் பம்பு போட்டுக் கொண்டுபோவதா?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நான் வாளியில்தான் கொண்டுவந்தேன். வழியில் மூடியைத் திறந்து பார்க்க முடிந்தது. மீன் நிமிர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தால் மனத்துக்கு ஓர் ஆறுதல்.

மின்வேதி ஓய்வாளர் எழுதியது:

ஆச்சியின் பயணம் ஒரு பகலில் முடிந்தது. அதற்கு வாளி போதும். இரண்டு நாள் என்றால் நான் பையைச் சொல்வேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மீன் மூச்சுவிடும்போது கரியமில வாயுவும், செவுள் வழியே அம்மோனியாவும் வெளியேறுகின்றன. கட்டிய பையில் கரியமில வாயு போக இடமில்லாமல் நீரில் கரைந்து, 8.2 அளவில் இருந்த பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) மெல்ல இறங்கும். பி.எச். இறங்க இறங்க அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக மாறி நிற்கும். அந்த வடிவம் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பி.எச். ஓர் அலகு குறைந்தால் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். வாளியிலோ பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல் கரியமில வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் பி.எச். உயர்ந்தே நிற்கும், சேரும் அம்மோனியாவின் நச்சும் குறையாது. அதனால் வாளியில் போனால், கலந்து வைத்த புது உப்புநீரைக் கூடவே எடுத்துப்போய் வழியில் பாதி நீரை மாற்ற வேண்டும்.

பையின் ஆபத்து அதைத் திறக்கும் கணத்தில் இருக்கிறது. திறந்தவுடன் கரியமில வாயு வெளியேறிப் பி.எச். ஏறும்; அதுவரை அடங்கியிருந்த அம்மோனியம் நச்சு வடிவத்துக்குத் திரும்பும். நன்னீர்க் கடைகளில் சொல்லித்தருவதுபோல் பையைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டிநீர் விடுவது, நீண்ட பயணம் செய்த மீனுக்குச் செய்யும் கொடுமை. புறப்படும் முன்பே பைநீரின் உப்பளவைக் குறித்துக்கொண்டு, புனேயில் காத்திருக்கும் நீரையும் அதே அளவில் கலந்து வைக்கச் சொல்லுங்கள். கட்டிய பையை அந்த நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், திறந்து மீனை மட்டும் வலையில் எடுத்துச் சட்டென்று மாற்றிவிடலாம். பைநீர் ஒரு துளிகூடத் தொட்டியில் விழக் கூடாது.

பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன், இரட்டைப் பை, தெர்மோகோல் பெட்டி, உள்ளே இருட்டு. புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் உணவு கொடுக்கக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் நீர் அழுக்காவது வெகுவாகக் குறையும். நலமான மீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும். பையில் ஆக்சிஜனுக்குப் பதில் வாயால் ஊதிக் கட்டித்தரும் ஆளிடம் போகாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஓய்வாளர் சொன்ன காரணத்துக்குப் பிறகு, இரண்டு நாள் பயணத்துக்குப் பையே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கிளம்பும் நாளின் வேலை வரிசையை மட்டும் நான் சொல்கிறேன், அதில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் மீனைப் பிடிக்கப் போகாதீர்கள். பாறை உள்ளே இருக்கும்வரை கோமாளி மீன் அதன் பின்னால் ஓடி ஒளியும். வலையோடு துரத்தினால் நீர் கலங்கி, மீன் களைத்து, பயணம் தொடங்கும் முன்பே பாதி உயிர் போய்விடும். அமைதியாக இருக்கும் மேல்நீரைக் குழாய் வைத்து இழுத்துச் சுத்தமான வாளிகளில் நிரப்புங்கள். பைக்கும் பாறைக்கும் வேண்டிய நீர் அதுதான். அடுத்துப் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த நீரில் அலசி, அதே நீரில் ஊறவைத்த செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் அடுக்குங்கள். செராமிக் பையை ஒரு வாளியில் வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மேலே காற்றுக்கு இடம் இருக்கும்படி மூடுங்கள். விளிம்புவரை நீர் நிரப்பி இறுக மூடினால் அந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் இல்லாமல் செத்துவிடும். அழுக்குப் படிந்த ஸ்பஞ்சைக் கூடவே கொண்டுபோக வேண்டாம், தூக்கிப் போடுங்கள். இதற்குள் தொட்டியில் ஒரு சாண் நீரும் இரண்டு மீனும் மட்டும் இருக்கும். சிறு டப்பாவால் மெல்ல முகந்துவிடலாம்.

மிஞ்சிய உப்புநீரை முற்றத்துச் செடிக்கோ கிணற்றடியிலோ ஊரணிப் பக்கமோ ஊற்றாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் விட்டு, பின்னால் நாலு குடம் நல்ல நீர் ஊற்றுங்கள்.

புனேவாசி (சொந்த ஊர் கோட்டையூர்) எழுதியது:

போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பெங்களூரு வந்துவிட்டால் பிறகு தேசிய நெடுஞ்சாலை 48 தான். சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா வழியாக நேரே புனே. இரவு எங்கே தங்கினாலும் மீன் பெட்டியை வண்டியில் விடாமல் அறைக்குள் எடுத்துப்போங்கள். பூட்டிய காரில் காலை வெயில் ஏறினால் அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும். சாமான் லாரியில் மீனையோ ஈரப் பாறையையோ ஏற்றவே வேண்டாம். அது சொன்ன நாளில் வந்து சேரும் என்பதை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது. காலித் தொட்டி, தாங்குமேசை, விளக்கு, மோட்டார் ஆகியவை லாரியில் வரலாம்.

இங்கே பெரும்பாலும் அடுக்குமாடி வீடுதான் கிடைக்கும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இருநூறு கிலோ சுமைக்கு வடிவமைப்பது வழக்கம். உங்கள் மூன்றடித் தொட்டி அரைச் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் கால் டன்னுக்கு மேல் உட்காரும் என்பதால், பெரிதாக்க எண்ணினால் உத்தரம் ஓடும் சுவர் ஓரமாக வைப்பதையும், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்பதையும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஊரில் கட்டாந்தரை மேல் வைத்துப் பழகியவர்களுக்கு இது நினைவுக்கு வருவதில்லை.

வீடு உறுதியானதும் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். நீங்கள் புறப்படும் நாளில் பீப்பாய் ஒன்றில் நூறு லிட்டர் உப்புநீர் கலந்து, பம்பு ஓடவிட்டு வைக்கிறேன். பீப்பாயும் காற்றுக்கல்லும் இருந்தால் சில வாரங்களுக்கு அதுவே தொட்டி. புது வீட்டில் மேசை எங்கே, மின் இணைப்பு எங்கே என்று நிதானமாகப் பார்த்து முடிவு செய்யலாம். நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும், அப்படியே கலந்துவிடக் கூடாது.

தேவகோட்டையான் எழுதியது:

எல்லாம் சரி. நடுவில் பங்குனி, சித்திரை என்று இரண்டு மாதம் இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லை. இரண்டாம் கட்டில் பகல் வெப்பம் எவ்வளவு என்று ஐயா சொல்லவில்லை. தொட்டிநீர் 25 இலிருந்து 27 பாகைக்குள் இருக்க வேண்டும். 30 ஐத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினால் அதன் விலை தொட்டியின் விலையைத் தாண்டும். வாங்காவிட்டால் கோடையைக் கடக்க முடியுமா?

வளவுக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனமானது. சன்னல் வடக்குப் பார்த்தது. வளவில் (திறந்த முற்றத்தில்) நிற்க முடியாத நண்பகலிலும் உள்ளறை குளிர்ச்சியாகவே இருக்கும். கோடையில் அங்கே வெப்பமானி வைத்துப் பார்த்ததில் 32 பாகையைத் தாண்டியதில்லை.

மின்வேதி ஓய்வாளர் எழுதியது:

அறை 32 என்றால் சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டே இரண்டு மூன்று பாகை குறைக்கலாம். நம் பக்கத்துக் கோடைக்காற்று வறண்டது என்பதால் ஆவியாதல் நன்றாக நடக்கும். கடற்கரை ஊரில் இந்த உத்தி இவ்வளவு பலிக்காது. மூடியைக் கழற்றி வலை போடுங்கள். விளக்கைப் பகலில் அணைத்து இரவில் எரியவிடுங்கள், நீங்கள் வீடு திரும்பிப் பார்க்கும் நேரமும் அதுதானே. 28, 29 பாகையைக் கோமாளி மீன் பொறுத்துக்கொள்ளும். இதையும் மீறி ஏறினால் மட்டும் சில்லரைப் பற்றி எண்ணலாம்; அதுவும் புனேயில் வைக்கப்போகும் தொட்டிக்கு ஏற்ற அளவில் வாங்கினால் செலவு வீணாகாது.

விசிறி ஓடினால் தினமும் நீர் இறங்கும். போவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத நல்ல நீராக இருக்க வேண்டும். தொட்டியின் பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, காலை, மாலை அந்தக் கோடுவரை நிரப்புங்கள். மின்தடைக்கு, மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று. எல்லா மின்கம்பிகளும் செருகியை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேற வேண்டும். வழிந்து வரும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சு அந்த இணைப்பில் இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். பழைய வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

வளவுக்காரன் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். இரண்டடித் தொட்டி, மணலில்லாமல். செயற்கைப் பாறை நான்கு துண்டு. வலைப்பையில் செராமிக் வளையம். புரட்டாசியில் உப்பு கலந்து சைக்கிளிங் தொடங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டியபின் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு சோடி மட்டும். வேறு மீன் எதையும் புனே போகும்வரை சேர்ப்பதில்லை. வைகாசியில் மீனும் பாறையும் வளையமும் பீப்பாயும் என்னுடன் காரில் வரும். தொட்டியை இங்கேயே விற்றுவிட்டு, அங்கே மூன்றடி.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மாற்றல் திடீரென்று முன்கூட்டி வந்து, மீனைக் கொண்டுபோக இயலாமல் போனால் என்ன செய்வது? வீட்டில் என் தாயார், "தொண்டியில கொண்டுபோயி விட்டுட்டு வாப்பா, அதுக்கும் புண்ணியம்" என்கிறார்.

தொண்டிக்கரை எழுதியது:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லி, அது மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொரிப்பகத்தில் பிறந்து கையில் தீனி தின்று வளர்ந்த மீன் பாக் விரிகுடாச் சேற்றில் ஒரு நாள் தாங்காது. தாங்கினாலும், கடைத்தொட்டிகளின் நோயைக் கடலுக்குக் கொடுத்ததாகும். கடைகளில் விற்கும் கோமாளி மீன்களில் பல நம் கடலுக்கு உரியவையும் அல்ல. மதுரையிலோ சென்னை கொளத்தூரிலோ கடல்மீன் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கும்போதே பேசி வையுங்கள். நலமாக வளர்ந்த சோடியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களில் பலர் தயங்குவதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

அதற்கும் அவசரம் என்றால் என்னிடம் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கோமாளிக்கு இடமில்லாமல் போகாது. ஆனால் என்னுடைய சோடியோடு சேர்த்து விட முடியாது, சண்டையில் கொன்றுவிடும். தடுப்பு வைத்து ஓரிரு மாதம் பார்த்துக்கொள்கிறேன்.

தேவகோட்டையான் எழுதியது:

பொறுத்திருங்கள் என்ற கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும் வைகாசியில் அந்த இரண்டடித் தொட்டியையும் தாங்குமேசையையும் வேறு யாருக்கும் பேசிவிடாதீர்கள் ஐயா. விலையைச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.